வீட்டுக்கு வரும் ஊசி மருந்து: ஹோம்கேர் மருந்தகங்களை எதை வைத்து நம்புவது?

கேள்வி: லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர், 3 ஜூன் 2024

அம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசிப் பேனா போட்டுக்கொள்கிறார். மருத்துவமனை மருந்தை நேரடியாகத் தருவதில்லை. ஒரு ஹோம்கேர் நிறுவனம் வீட்டுக்கு அனுப்புகிறது. போன வாரம் நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். மாலையில்தான் எங்கள் கைக்கு வந்தது. அதுவரை அது அவர்களுடைய கூடத்தில் கிடந்திருக்கிறது. ஆன்லைனில் செருப்பு வாங்கினாலும் இப்படித்தான் வருகிறது. இந்த மருந்தகங்களை யாராவது கண்காணிக்கிறார்களா? அந்த ஊசியைப் போடலாமா, கூடாதா? நீங்கள் இந்தத் துறையில் இருப்பதாக வேறொரு இழையில் பார்த்தேன், அண்ணா.

3 ஜூன் 2024, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். போடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். பெட்டியைக் குளிர்பெட்டியில் தனியாக வைத்து, அது எத்தனை மணிக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்தது, எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டு, நாளைக் காலையில் அந்த நிறுவனத்தை அழைத்து மருந்தாளரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசியை எடுப்பவர் சொல்லும் சமாதானத்தை ஏற்காதீர்கள். இதற்கு முடிவு சொல்ல வேண்டியவர் மருந்தாளர்.

பயப்பட வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அடலிமுமாப் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துதான். ஆனாலும் அடலிமுமாபின் முதல் வணிகப் பெயரான ஹுமிரா பேனாவை வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வெளியே வைத்திருக்கலாம் என்று அதன் உரிமக் குறிப்பே சொல்கிறது. அந்தக் கெடு முடிந்தால் மீண்டும் குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் எறிந்துவிட வேண்டும். எடனர்செப்ட் மருந்தான என்பிரெலுக்கு இது நான்கு வாரம். ஒருமுறை வெளியே எடுத்தபின் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது அதன் விதி. அம்மாவின் பேனா எந்த வணிகப் பெயரில் வந்திருக்கிறதோ அதற்குரிய விதியைத்தான் மருந்தாளர் பார்ப்பார்.

5 ஜூன் 2024

மருந்தை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி முதல் கேள்வி.

கண்காணிப்பவர்கள் இருக்கிறார்கள், சொல்லப்போனால் தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்பதே ஒரு சிக்கல். மருந்தகக் கட்டடமும் அதில் வேலை செய்யும் மருந்தாளர்களும் ஜி.பி.எச்.சி. எனப்படும் பொது மருந்தாளுமைக் குழுவின் கீழ் வருகிறார்கள். நிர்வாகம், ஊழியர், இடம், சேவை, கருவிகள் என்ற ஐந்து தலைப்புகளில் அதன் ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். அதே நிறுவனம் வீட்டுக்குத் தாதியை அனுப்பி ஊசி போடக் கற்றுக்கொடுத்தால், இங்கிலாந்தில் அந்தப் பகுதி மருத்துவ, பராமரிப்புச் சேவைகளை ஆய்வு செய்யும் சி.க்யூ.சி.யின் பொறுப்பு. மருந்தை மொத்தமாக வாங்கி விற்பதற்கும், இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் ஊட்டச்சத்துப் பைகளைப் போன்றவற்றைத் தானே தயாரிப்பதற்கும், மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.யின் உரிமம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவமனையின் தலைமை மருந்தாளர் தன் நோயாளியின் மீதான பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டைகளை 2011-இல் மார்க் ஹாக்கெட் தலைமையில் வந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் அரச மருந்தாளுமைச் சங்கம் ஹோம்கேர் சேவைக்கென்றே தொழில்முறைத் தரங்களை வெளியிட்டது. நோயாளியின் அனுபவம், பாதுகாப்பு, யார் எதற்குப் பொறுப்பு என்பவையெல்லாம் அதில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

சேவை ஏன் இவ்வளவு வளர்ந்தது என்பதற்கு நோயாளியின் வசதி என்ற காரணத்தைத்தான் எல்லாத் துண்டறிக்கைகளும் சொல்லும். மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தால் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும், வீட்டுக்கு அனுப்பினால் வேண்டியதில்லை என்ற காரணத்தைத் துண்டறிக்கையில் அச்சிட மாட்டார்கள்.

5 ஜூன் 2024, பின்னிரவு

விட்டுப்போன ஒன்று. ஜி.பி.எச்.சி.யின் ஆய்வறிக்கைகளை அவர்களுடைய தளத்தில் எவரும் படிக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் முகவரியைக் கொண்டு அந்த மருந்தகத்தைத் தேடுங்கள். “தரங்கள் நிறைவேறின” என்ற வரியோடு நிறுத்திவிடாமல் உள்ளே படியுங்கள். ஆய்வாளர் தொலைபேசிப் பிரிவைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

11 ஜூன் 2024

“உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வேலை செய்யும் இடம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகை இருந்தாலும் உள்ளே மருந்து வாங்க யாரும் வர முடியாது. கிடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடையின் முன்மேசையில் நோயாளியின் முகத்தைப் பார்த்து “போன மாதம் வேறு நிறத்தில் இருந்ததே” என்று அவர் சொல்வதைக் கேட்டுத் தவறைப் பிடிக்கும் வாய்ப்பு இங்கே இல்லை. அதனால் அந்த வேலையையும் சேர்த்துக் காகிதமும் கண்களும்தான் செய்ய வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து மருந்துச் சீட்டு வரும்போதே அங்குள்ள மருந்தாளர் ஒருவர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருப்பார். கொள்முதல் எண் ஒன்றும் சேர்ந்திருக்கும். அந்த எண் இல்லாவிட்டால் சீட்டு மருத்துவ ரீதியாக எவ்வளவு சரியாக இருந்தாலும் வரிசையில் நிற்கும். பிறகு ஒருவர் மருந்தை எடுத்து லேபிள் ஒட்டுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது. சரிபார்க்கும்போது பெயர், பிறந்த தேதி, வணிகப் பெயர், அளவு, பேனாவா சிரிஞ்சா என்பது, தொகுதி எண், காலாவதித் தேதி என்ற வரிசையில் விரல் வைத்துப் படிப்பேன். விரல் வைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். கண் ஒரு வரியைத் தாண்டிக் குதிப்பதை விரல் தடுக்கிறது.

வணிகப் பெயருக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. 2018 அக்டோபரில் ஐரோப்பாவில் ஹுமிராவின் காப்புரிமை முடிந்ததும் அடலிமுமாப் பல பெயர்களில் வந்தது: அம்ஜெவிட்டா, இம்ரால்டி, ஹைரிமோஸ், பின்னால் யூஃப்ளைமா. உயிரிமருந்து என்பதால் வேதிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. வணிகப் பெயரும் தொகுதி எண்ணும் பதிவாக வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒவ்வாமை வந்து அவர் எம்.எச்.ஆர்.ஏ.யின் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் புகார் கொடுத்தால், எந்த ஆலையின் எந்தத் தொகுதி என்று பின்னோக்கிப் போக வேறு வழி இல்லை.

அடுத்தது பெட்டி. உறைகலத்திலிருந்து எடுத்த ஜெல் பேக்கை மருந்தின் மேல் நேராக வைப்பவர் தான் நல்லதே செய்வதாக நினைப்பார். ஆனால் இந்த வகைப் புரதங்களுக்குச் சூட்டைவிடப் பல சமயம் உறைதல்தான் மோசமான எதிரி. உறைந்து இளகிய புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடும், பார்வைக்குத் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆகவே பேக்குகளைக் குறித்த நேரம் வெளியே வைத்துப் பதப்படுத்தி, நடுவே தடுப்பு அட்டை வைத்து, வரைபடத்தில் உள்ளபடியே அடுக்க வேண்டும். கோடைக்கு ஒரு வரைபடம், குளிர்காலத்துக்கு ஒன்று. ஜனவரியில் கோடை வரைபடப்படி அடுக்கினால் ஸ்காட்லாந்து போகும் பெட்டிக்குள் மருந்து உறைந்துவிடலாம்.

12 ஜூன் 2024

“இவ்வளவு இருந்தால் நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று கேட்கிறீர்கள். நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, மருந்தைச் சரிபார்க்கும் என் மேசையைப் பற்றி நானே கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

நான் பார்த்தவரையில் இந்தத் தொழிலில் நோயாளிக்கு வரும் தீங்கு பெரும்பாலும் அந்த மேசையில் பிறப்பதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடங்களில் பிறக்கிறது: மருத்துவமனையிலிருந்து நிறுவனத்துக்கு, நிறுவனத்தின் கணினியிலிருந்து தொலைபேசிப் பிரிவுக்கு, அங்கிருந்து வேன் ஓட்டுநருக்கு, அவரிடமிருந்து அண்டை வீட்டுக்காரருக்கு. நம் தரங்கள் மிகக் கூர்மையாக அளப்பது மேசையை. தவறான மருந்து போனால் அன்றைக்கே விசாரணை, பதிவு, பாடம். சரியான மருந்து பத்து நாள் தாமதமாகப் போனால் அது “சேவைக் குறைபாடு”; வாடிக்கையாளர் பிரிவிலிருந்து மன்னிப்புக் கடிதம் போகும்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். டெலிவரிக்கு முன் தொலைபேசியில் கையிருப்பு கேட்பது வழக்கம். ஆங்கிலம் அவ்வளவாக வராதவர் என்பதால் பேச என்னை அழைத்தார்கள். “ஃபிரிட்ஜில் எத்தனை ஊசி இருக்கிறது, அம்மா?” என்று கேட்டேன். “இரண்டு பெட்டி இருக்குப்பா” என்றார் உறுதியாக. வழக்கமாகக் கேட்பவர் அத்தோடு அடுத்த மாதம் அழைப்பதாகக் குறித்துக்கொண்டு வைத்துவிட்டிருப்பார். பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒன்றில் ஒரே ஒரு பேனா. மற்றொன்றில் கறிவேப்பிலை, காற்றுப் புகாத நல்ல பெட்டி என்று வைத்திருக்கிறார். சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் அந்தத் தொலைபேசி வினாவரிசையை எழுதியவர், “பெட்டி எத்தனை” என்றும் “பேனா எத்தனை” என்றும் கேட்பதற்கு இடையில் ஒரு நோயாளியின் ஒரு மாத மருந்து தொங்குகிறது என்பதை யோசித்திருக்கவில்லை.

ஆய்வறிக்கையில் தொலைபேசிப் பிரிவைத் தேடுங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

12 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

அந்த வினாவரிசை இப்போது “பேனா எத்தனை” என்றுதான் கேட்கிறது. கறிவேப்பிலையைப் பற்றி விசாரணைப் படிவத்தில் எப்படி எழுதினோம் என்று கேட்காதீர்கள்.

20 ஜூன் 2024

இன்னொரு ஹோம்கேர் நிறுவனத்தில் வேலை செய்யும் அன்பர் ஒருவர், தாமதத்தை மருந்து வழங்கலில் நேர்ந்த பிழைக்குச் சமமாக வைப்பது மிகை என்று எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். அடலிமுமாப் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. நான்கு நாள் தாமதத்தால் எவரும் விழுந்துவிடப் போவதில்லை, மூட்டுவலி திரும்பலாம். நுரையீரல் இரத்தக் குழாய் அழுத்த நோய்க்கு எபோப்ரோஸ்டெனால் எடுப்பவரின் கதை வேறு. அது பம்பு வழியாக இடைவிடாமல் இரத்தத்தில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உடலில் தங்குவது சில நிமிடங்கள்தான். அவருக்கு வேன் வராமல் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். இந்த இருவருடைய பெட்டியும் ஒரே கணினியில், ஒரே வரிசையில், “குறித்த நாளில் டெலிவரி” என்ற ஒரே கட்டத்துக்குள் எண்ணப்படும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. நூற்றுக்கு 98 பெட்டி குறித்த நாளில் போனது என்றால் காகிதத்தில் அழகு. அந்த இரண்டு யாருடையவை என்பதை விழுக்காடு சொல்லாது.

எனவே முன்பு எழுதியதை இப்படிக் கறாராக்குகிறேன்: ஒவ்வொரு தாமதமும் பிழை ஆகாது, மருந்து வேளை தவறிப்போன ஒவ்வொரு தாமதத்தையும் பிழையைப் போலவே ஒரு மருந்தாளர் விசாரிக்க வேண்டும், அதுவும் எந்த மருந்து என்று பார்த்து.

இது ஹோம்கேர்காரர்களுக்குள் நடக்கும் உள்வீட்டுச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு: 2020 இறுதியில் ஒரு பெரிய நிறுவனம் தன் கணினி முறையை மாற்றியபோது ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மருந்து தாமதமானது அல்லது வேளை தவறியது. அடுத்த ஆண்டு சி.க்யூ.சி. அதற்கு ஆகக் கீழான தரநிலையைக் கொடுத்தது. மேசையில் அன்று எந்த மருந்தும் மாறிப் போகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் விளைவு அதுதான்.

2023 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையின் பொதுச் சேவைக் குழு வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள். அப்போது இங்கிலாந்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தச் சேவையில் இருந்தார்கள். முழுப் பொறுப்பு யாருடையது என்பதற்கு எவரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. செயல்பாட்டுக் கணக்குகள் அப்போது பொதுவெளியில் இல்லை. மருந்துச் சீட்டுகள் பல இடங்களில் அப்போதும் தாளில்தான் போய்க்கொண்டிருந்தன. அறிக்கையின் தலைப்பிலேயே வாய்ப்பைத் தவறவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

21 ஜூன் 2024

தாளில் போகும் சீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அஞ்சலில். பெட்டிக்கு வெப்பப் பதிவுக் கருவி உண்டு, வேனுக்கு வழித்தடக் கருவி உண்டு. இவை அனைத்தையும் தொடங்கிவைக்கும் சீட்டுக்கு மட்டும் அஞ்சல்தலைதான்.

2 ஜூலை 2024

“அப்படியானால் விதிகளை இன்னும் கடுமையாக்கி, மீறுபவர்களை மூடிவிட வேண்டியதுதானே?” என்ற கேள்வியை ஒதுக்க முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2019 ஜூனில் எம்.எச்.ஆர்.ஏ. ஆய்வாளர்கள் ரன்கார்ன் நகரில் உள்ள ஓர் ஆலையைப் பார்த்தார்கள். குடலால் உணவை உறிஞ்ச முடியாதவர்களுக்கு, இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் ஊட்டச்சத்துப் பைகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலந்து தயாரிக்கும் இடம் அது. தயாரிப்பு முறையில் நுண்ணுயிர் கலக்கும் அபாயம் இருப்பதாகக் கண்டு, உடனே மாற்றச் சொன்னார்கள். இரத்தத்தில் நேரடியாகப் போகும் ஒன்றில் கிருமி இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் முறையை மாற்றியதும் உற்பத்தி சரிந்தது. பைகள் தாமதமாயின, சிலருக்கு வரவே இல்லை. அவரவர் உடலுக்கென்று கலந்த பைக்குப் பதிலாகப் பொதுவான பைகள் போயின. சிலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆகஸ்டில் என்.எச்.எஸ். இங்கிலாந்து இதைத் தேசிய அவசர நிகழ்வாக அறிவித்தது.

கிருமி உள்ள பை ஆபத்து, பையே வராததும் ஆபத்து. முதலாவதைத் தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. இரண்டாவதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியவர் யார் என்று கேட்டால், ஆய்வாளர் மருத்துவமனையைக் காட்டுவார், மருத்துவமனை ஒப்பந்தத்தைக் காட்டும், ஒப்பந்தம் நிறுவனத்தைக் காட்டும். தயாரிக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போது ஒன்றை நிறுத்தினால் சுமையைத் தாங்க மற்றவற்றால் முடியாது. எனவே என் வாதம் கடுமையைக் குறைப்பதற்கு அல்ல. ஆய்வுக்குப் போகும் முன்பே “இதை நிறுத்தினால் நாளைக் காலை இந்த நோயாளிகளுக்கு யார் தருவார்கள்?” என்ற பட்டியலை ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவருக்குப் பதவியும் பெயரும் இருக்க வேண்டும்.

3 ஜூலை 2024

போட்டு முடித்த ஊசிகளைப் போடும் கூர்முனைக் கழிவுப் பெட்டியின் மூடி நிறம் பற்றிக் கேட்டவருக்கு: அடலிமுமாபுக்கு மஞ்சள் மூடி வந்து, மெத்தோட்ரெக்சேட் ஊசிக்கு ஊதா மூடி வருகிறதென்றால் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஊதா என்பது உயிரணுக்களைப் பாதிக்கும் மருந்துகளுக்கானது. இரண்டையும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மெத்தோட்ரெக்சேட் பேனாவைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் அவசரத்தில் இரண்டையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

19 ஜூலை 2024

2022-இல் இதே தேதியில்தான் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 40-ஐத் தாண்டிய முதல் நாள். வேலூரில் வளர்ந்தவனுக்கு மே மாதக் காலை மாதிரி இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கோடை வரைபடம் எந்த வெப்பம் வரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சோதித்து எழுதப்பட்டதோ, அந்த எல்லையைத் தாண்டிய நாள் அது. தொலைதூரப் பெட்டிகளை நிறுத்திவைத்தோம். நிறுத்துவதா அனுப்புவதா என்பதை மருந்துவாரியாக, நோயாளிவாரியாக உட்கார்ந்து முடிவு செய்தோம். அடுத்த ஊசி எப்போது என்று பார்த்து, வேளை தவறப்போகிறவர்களுக்கு மட்டும் விடியற்காலை வேனில் அனுப்பினோம். மேலே நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த வகை விசாரணையை வெயில் எங்களை ஒரு நாள் செய்ய வைத்தது. மறுவாரம் பழைய விழுக்காட்டுக்கே திரும்பிவிட்டோம்.

8 ஆகஸ்ட் 2024

முதல் கேள்வியைக் கேட்ட அன்பர், அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போவதாகவும் ஊசிகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் போகிறவர்களும் தனிமடலில் இதையே கேட்டிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள். விமானத்தின் அடிப்பகுதியில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு. கைப்பையில், குளிர்பையில், ஜெல் பேக் நேராகத் தொடாதபடி துணி சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் எழுதிய பயணக் கடிதத்தை நிறுவனத்திடமோ மருத்துவமனையிடமோ கேட்டு வாங்குங்கள். மருந்தின் மேல் அம்மாவின் பெயர் உள்ள லேபிள் கிழியாமல் இருக்கட்டும். 14 நாள் வெளியே வைக்கலாம் என்று நான் எழுதியதைச் சென்னையில் பயன்படுத்த முடியாது. அந்தச் சலுகை 25 டிகிரி வரைக்கும்தான்; அங்கே இரவில் மின்விசிறிக்குக் கீழேயும் அது கிடைக்காது. போய் இறங்கியதும் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், உறைபெட்டியை ஒட்டியும் கதவிலும் வேண்டாம். மின்வெட்டு நீண்டால் கதவைத் திறக்காதீர்கள்.

கூடுதல் ஊசி வேண்டுமென்றால் நிறுவனத்தை மட்டும் அழைத்தால் போதாது. சீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் மருத்துவமனையிலிருந்து புதுச் சீட்டு, கொள்முதல் எண், அஞ்சல் என்று முழுச் சுற்றும் வர வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றே மருத்துவமனையின் ஹோம்கேர் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நிறுவனத்துக்கும் நகல் போடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி எழுதுங்கள். அந்த மின்னஞ்சலில் பெட்டி எத்தனை என்று எழுதாமல் பேனா எத்தனை என்று எழுதுங்கள்.